வண்டல் உறங்காத ஊர்

பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு என் மகள் மாலினி அழைத்தாள். நான் திருப்பதி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தேன். இலையில் அப்போதுதான் ரசம் ஊற்றியிருந்தார்கள்.

“அம்மா, தொட்டிய தொறந்தாச்சு. அடியில வண்டல் எப்படி இருக்குதுன்னு பாக்கணும். நான்தான் மொதல்ல எறங்கப்போறேன். அப்பறமா பேசறேன்மா.”

“சரி” என்றேன். அவள் வைத்துவிட்டாள். இரண்டு வாய் சோறு உள்ளே போன பிறகுதான் அவள் என்ன சொன்னாள் என்பது எனக்கு உறைத்தது. திரும்ப அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தேன். மறுபடியும். எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலை தூக்கிப் பார்த்தார். நான் நின்றுகொண்டிருக்கிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எனக்கு ஏன் அவ்வளவு பயம் என்று சொல்ல வேண்டுமானால், நாங்கள் வசிக்கும் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பாண்டிச்சேரியில் பிறந்தவள். திருமணமாகிப் போனது பிரான்சின் மேற்குக் கரைக்கு, நாந்த் நகரத்துக்குத் தெற்கே திராட்சை வயல்கள் நடுவில் இருக்கும் ஒரு சிற்றூருக்கு. லுவார் ஆறு கடலோடு கலப்பதற்குச் சற்று முன்னால் இருக்கும் பகுதி அது. அங்கே விளைவது முஸ்கதே என்ற வெள்ளை ஒயின். வெளிறிய நிறம், நல்ல புளிப்பு, நாக்கின் நுனியில் லேசான குறுகுறுப்பு, கடைசியில் கடற்காற்று பட்டதுபோல ஒரு துளி உப்பு. நான் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வருகிறவர்களுக்கு அதை ஊற்றிக் கொடுத்து, எதனோடு சாப்பிடலாம் என்று சொல்லும் வேலையில் இருக்கிறேன். என் கணவர் அதே தோட்டத்தில் தொட்டிகளைப் பராமரிக்கிறார்.

எங்கள் பக்கத்தில் பழைய தொட்டிகள் தரைக்கடியில் இருக்கும். கிணறு மாதிரி மேலே ஒரு வாய், உள்ளே ஓடு பதித்த சுவர். சாறு நொதிக்கும்போது வருகிற காற்றுக்கு நிறமும் இல்லை, புகையும் இல்லை. மூச்சுக் காற்றைவிடக் கனமானது. தண்ணீர் தேங்குவதுபோல அடியில் தேங்கி நிற்கும். இறங்கினவருக்கு ஒன்றும் தெரியாது. கால் மடங்கும், அவ்வளவுதான். காப்பாற்ற இறங்குகிறவரும் அவர்மேலேயே விழுவார். அறுவடைக் காலத்தில் எங்கள் ஊரில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கடையில் பேச்சு நின்றுவிடும்.

அந்த ஊரில் வளர்ந்து, ஒயின் தயாரிப்பே படித்தவள், ஜூன் மாத வெயிலில் சித்தூர்ப் பக்கம் ஒரு தரைக்கடித் தொட்டிக்குள் இறங்குகிறேன் என்கிறாள்.

நான் இந்தியாவுக்கு வந்து இறங்கி நான்காவது நாள் அது. வந்த நாளில் என் கவலையெல்லாம் வேறு. பெட்டிக்குள் ஈரத்துண்டு சுற்றிய இரண்டு முஸ்கதே பாட்டில்கள் இருந்தன. விமான நிலையத்திலிருந்து காரில் ஏறிக் கொஞ்ச தூரத்திலேயே ஏசி நின்றுவிட்டது. நான் பாட்டில்களை எடுத்து மடியில் வைத்து, தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தேன். ஓட்டுநர் ஏழுமலை நகரிக்காரர். வீட்டில் அண்ணன் தம்பிகள் விசைத்தறி ஓட்ட, இவர் மட்டும் ஸ்டீரிங் பிடித்தவர். கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, கடைசியில் கேட்டேவிட்டார்.

“இன்னாமா அது? கொழந்தைக்கு ஜொரம் வந்த மாதிரி தண்ணி தெளிச்சிக்கினே வர்றீங்க?”

“ஒயின்.”

“ஐயோ யம்மா! மலைக்கு எடுத்துக்கினு போவப்போறீங்களா? அலிபிரி செக்போஸ்ட்டுலயே எறக்கிடுவான். என்னயும் சேத்து.”

“மலைக்கு இல்லை. என் பெண்ணோடு சாப்பிட.”

“இனிப்பா கீதா?”

“புளிப்பு. கொஞ்சம் உப்பு.”

“புளிப்பும் உப்பும் வேணும்னா எங்கூட்டு ஊறுகா ஜாடில கீது. அதுக்கு ஏன்மா பிளைட்டுல டிக்கெட்டு?”

சிரித்துக்கொண்டே ஏர்பேடு சாலையில் ஒரு மோட்டார் பம்ப்செட் ஓரமாக நிறுத்தி, ஏசிக்குப் பதிலாக எனக்கு ஒரு குடம் தண்ணீர் வாங்கித் தந்தார்.

தங்கும் விடுதியில் பாட்டில்களை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சமையலறைக் குளிர்பெட்டியில், தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். வரவேற்பில் இருந்தவர் உள்ளே போய்ச் சமையல்காரரிடம் தெலுங்கில் சொன்னது எனக்குப் பாதி புரிந்தது: “அந்த அம்மாவோட கண் மருந்து. மூடியைத் தொட்டால் கெட்டுப்போகும்.” மறுநாள் மலையில் கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்து, சாமியைப் பார்த்தேனா பார்க்கவில்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு ஒரு கணம் பார்த்து, இறங்கி வந்தேன். வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றவில்லை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

மாலினி இங்கே வந்ததற்குக் காரணம் மாம்பழம். பங்காருபாளையம் பக்கம் ஒரு பழக்கூழ் ஆலை. தோத்தாபுரி மாம்பழத்தைக் கூழாக்கி வெளியூருக்கு அனுப்புகிறவர்கள். அதில் ஒரு பங்கை ஒயினாக்கிப் பார்க்கலாமா என்று முதலாளிக்கு ஆசை. இரண்டு மாதத்துக்கு மாலினியை வரவழைத்திருந்தார். சித்தூரில் இன்னும் இரண்டு பெண்களோடு ஒரே அறையில் இருந்தாள். அங்கே எனக்கு இடமில்லாததால்தான் நான் திருப்பதியில் தங்கினேன்.

மூன்றாம் நாள் மாலை சித்தூருக்குப் போனேன். கதவைத் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: “துன்னியாம்மா?” நான் படாத பாடுபட்டுத் தமிழ் சொல்லிக்கொடுத்த பெண். ஆறு வாரத்தில் ஆலைப் பெண்கள் அவளை முழுசாக மாற்றியிருந்தார்கள்.

அன்று ஒரு பாட்டிலைத் திறந்தோம். சோடாக்கடையில் ஐஸ் வாங்கி, துணி அலசும் வாளியில் போட்டுக் குளிர வைத்தோம். ஆலையின் மேற்பார்வையாளர் பாஸ்கரும் வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். அவர் மனைவி நெத்திலி வறுத்துத் தூக்குப் பாத்திரத்தில் கொடுத்தனுப்பியிருந்தார்.

எங்கள் ஊரில் முஸ்கதேயோடு சிப்பி சாப்பிடுவார்கள். ஓட்டைத் திறந்து, பச்சையாக, எலுமிச்சைச் சாறு பிழிந்து. ஆற்று மீனை வேகவைத்து வெண்ணெய்க் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவார்கள். பொரித்த சின்ன மீன்களும் பொருந்தும். நெத்திலியை வாயில் போட்டதும் எனக்கு ஊர் ஞாபகமே வந்துவிட்டது. மிளகாய் தூக்கலாக இருந்தும், எண்ணெயை அந்தப் புளிப்பு வழித்து எடுத்துக்கொண்டு போனது. பச்சை மாங்காய்க் கீற்றுக்கு உப்பும் மிளகாயும் தடவிக் கொடுத்தாள் மாலினி. அதுதான் சரிப்படவில்லை. இரண்டு புளிப்பும் வாய்க்குள் சண்டை போட்டன. நாட்டுக்கோழிப் புளுசும் ராகிக் களியும் வந்தபோது ஒயின் காணாமலே போய்விட்டது. அந்தக் குழம்புக்கு முன்னால் எந்த வெள்ளை ஒயினும் நிற்காது.

பாஸ்கர் ஒரு மிடறு குடித்துவிட்டு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“மேடம், தப்பா நெனைக்காதீங்க. தெளிஞ்ச நீர்மோர்ல எலுமிச்சம்பழம் புழிஞ்ச மாதிரி கீது.”

“அண்ணா, உங்களுக்கு நாக்கே இல்ல,” என்றாள் மாலினி.

“எங்கூட்டுல கேளு பாப்பா, நாக்கு மட்டும்தான் கீதுன்னு சொல்லுவா.”

அவர் போன பிறகு மாலினி தன் மாம்பழ ஒயினைப் பற்றிப் பேசினாள். முஸ்கதே செய்கிற முறையிலேயே செய்திருந்தாள். நொதித்து முடிந்ததும் செத்த ஈஸ்ட் அடியில் வண்டலாகப் படியும். மற்ற ஊர்களில் அதை உடனே பிரித்துவிடுவார்கள். எங்கள் ஊரில் குளிர்காலம் முழுக்க ஒயினை அந்த வண்டலின் மேலேயே கிடக்க விடுவார்கள். ரொட்டி மணமும் அந்தக் குறுகுறுப்பும் அதிலிருந்துதான் வருகின்றன. இங்கே வெயில் அதிகம் என்பதால் பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஓடு பதித்து, எங்கள் ஊர்த் தொட்டி போலவே ஆக்கியிருந்தாள். ஒயினை முந்தாநாள் வெளியே இறைத்தாகிவிட்டது, வண்டல் மட்டும் அடியில் இருக்கிறது என்றாள்.

“இந்த வெயிலில் அது சும்மா இருக்குமா?” என்று கேட்டேன்.

“தரைக்கடியிலம்மா. சில்லுனு கீது. தூங்கிக்கினு இருக்கும்.”

நான் சமாதானமாகி, ஏழுமலையின் காரில் திருப்பதிக்குத் திரும்பினேன்.

இப்போது அதே காரில் மறுபடி சித்தூர் நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். கையைக்கூடக் கழுவவில்லை, விரல்களில் ரசம் காய்ந்திருந்தது. மாலினியின் எண் அடித்தது, எடுக்கவில்லை. பாஸ்கரின் எண்ணும் அடித்தது, எடுக்கவில்லை. வேறு எண் என்னிடம் இல்லை. கணவரை அழைத்தேன். அங்கே அப்போது காலை நேரம்.

“தொட்டியைத் திறந்து எத்தனை நேரமாச்சாம், வசந்தா?”

“தெரியலை.”

“வண்டல்ல சர்க்கரை மிச்சம் இருந்தா அந்தச் சூட்டுல மறுபடி நொதிக்க ஆரம்பிச்சிருக்கும். நம்ம ஊர்க் குளிர் இல்ல அது. காத்தாடி வெச்சி உள்ள காத்து அடிக்கச் சொல்லு. யாரும் இறங்கக் கூடாதுன்னு சொல்லு.”

“யாருகிட்ட சொல்றது?”

  

சந்திரகிரி தாண்டியதும் ஏழுமலை வானொலியை நிறுத்தினார். அதன்பின் அவர் ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை. “போய்டலாம்மா, போய்டலாம்” என்று மட்டும் அவ்வப்போது சொன்னார். வெளியே பாறைக் குன்றுகள் ஓடின. எங்கள் ஊரிலும் திராட்சைக் கொடிகளுக்கு அடியில் இந்த மாதிரிப் பாறைதான், முந்தின நாள் வந்தபோது அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இந்த முறை ஒவ்வொரு பாறையும் வழியை மறிப்பதாகவே பட்டது.

சித்தூரைத் தாண்டிப் பங்காருபாளையம் சாலையில் கொஞ்ச தூரம் போனதும் கார் நின்றது. முன்னால் டிராக்டர்கள். ஒன்றிரண்டு அல்ல, கண்ணுக்கு எட்டியவரை. ஒவ்வொன்றிலும் தோத்தாபுரி கூம்பாகக் குவிந்திருந்தது. ஆலைகளில் பழம் இறக்க முறை வரும்வரை அப்படியே நிற்பார்களாம், சிலசமயம் நாள்கணக்கில். டிராக்டருக்கு அடியில் துண்டு விரித்துச் சிலர் படுத்திருந்தார்கள். பழுத்து வெடித்த பழங்களின் வாசனை காருக்குள் வந்தது. இனிப்பாக, அடியில் லேசாகப் புளித்து. நொதிக்கிற வாசனை.

ஏழுமலை இறங்கி, நின்றிருந்தவர்களிடம் விசாரித்தார். ஒருவர் தெலுங்கில் சத்தமாகப் பதில் சொன்னார். ஏழுமலையின் முகம் மாறியது. எனக்கும் அந்த அளவு தெலுங்கு புரிந்தது. “ஆலையில் யாரோ தொட்டிக்குள் விழுந்துவிட்டார்கள். அந்த வெளிநாட்டுப் பெண் என்கிறார்கள்.”

நான் இறங்கி நடக்க ஆரம்பித்தேன். நடந்தேனா ஓடினேனா தெரியாது. செருப்பு ஒன்று எங்கோ கழன்றுவிட்டது. ஏழுமலை பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார்: “யம்மா, நில்லும்மா! இன்னும் ரொம்ப தூரம் கீது!” அவரே ஒரு மொபெட்காரரைக் கைகாட்டி நிறுத்தினார். டிராக்டர் வரிசையில் நிற்கும் மகனுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற ஒரு விவசாயி. கைப்பிடியில் தூக்குப் பாத்திரம் ஆடிக்கொண்டிருந்தது.

“உக்காருங்கமா. கெட்டியா புடிச்சிக்கோங்க. யாரு, உங்க பொண்ணா?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“ஒண்ணும் ஆயிருக்காது. எங்க ஜனம் ஒண்ணுக்குப் பத்தா சொல்லும். காலைல ஒருத்தன் என் டிராக்டரே கவுந்துடுச்சின்னு வந்து சொன்னான். போய்ப் பாத்தா டயர்ல காத்து எறங்கினு இருந்துச்சி. அவ்ளோதான்.”

அவர் மகனின் டிராக்டரைத் தாண்டி வெகுதூரம் என்னைக் கொண்டுபோனார். சாலையோரப் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் சாம்பார் என் புடவையில் தெறித்தது.

ஆலை வாசலில் கூட்டமாக நின்றிருந்தார்கள். காவலாளி யாரையும் உள்ளே விடவில்லை. நான் கைப்பேசியை எடுத்து மீண்டும் மாலினியை அழைத்தேன். மணி என் காதிலும் அடித்தது, எனக்கு முன்னாலும் அடித்தது. காவலாளியின் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் கூடை நிறையக் கைப்பேசிகள். அதில் ஒன்று ஒளிர்ந்து, ‘அம்மா’ என்று காட்டி, அதிர்ந்து அதிர்ந்து மற்றவற்றை நகர்த்திக்கொண்டிருந்தது.

“உள்ள போறவங்க போன் இங்க குடுத்துட்டுதான் போவணும் மேடம்,” என்றார் காவலாளி. பிறகு என்னைப் பார்த்துவிட்டு, “நீங்க அந்தப் பாப்பாவோட அம்மாவா?” என்று கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் எழுந்ததுதான் என்னை முற்றிலும் உடைத்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

பழம் நறுக்கும் பெண்கள் ஓடி வந்தார்கள். மஞ்சள் கறை படிந்த கைகள் என்னைத் தூக்கின.

“யம்மா, அழாத. உன் பொண்ணுக்கு ஒண்ணுமில்ல. நல்லா கீது. பாஸ்கரண்ணன ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கினு போயிருக்குது.”

நான் நம்பவில்லை. அப்படித்தான் சொல்வார்கள் என்று தெரியும். அவர்களில் மூத்தவள், லட்சுமி என்று பெயர், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து முழுசாகச் சொன்னாள்.

புதுத் தொட்டியில் முதல்முறை ஆள் இறங்குகிறது என்பதால் பூசை போட்டிருக்கிறார்கள். பூசணிக்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம். தொட்டி கிணறு மாதிரி இருப்பதால், கிணற்றுக்குச் செய்வதுபோல அடிவரை கங்கம்மாவுக்கு ஆரத்தி காட்டவேண்டும் என்று கற்பூரத் தட்டை வாளியில் வைத்துக் கயிறு கட்டி இறக்கியிருக்கிறார்கள்.

“பாதி தூரம் போச்சி யம்மா. பக்குன்னு அணைஞ்சி போச்சி. மறுபடி கொளுத்தி எறக்குனோம். மறுபடியும் அணைஞ்சி போச்சி. அம்மனுக்கு கோவம், இன்னிக்கு வேணாம்னு நாங்க சொன்னோம். உன் பொண்ணு ஏணில கால் வெச்சிடுச்சி. நான்தான் கைய புடிச்சி இழுத்தேன். இதோ பாரு, என் வளையல் ஒடஞ்சிது.”

எங்கள் ஊரில் பழைய ஆட்கள் தொட்டிக்குள் முதலில் மெழுகுவத்தியை இறக்குவார்கள். சுடர் அணைந்தால் அதற்குக் கீழே மூச்சு இல்லை என்று அர்த்தம். கருவிகள் வந்தபிறகு அந்த வழக்கம் போய்விட்டது. மாலினி அதைப் பார்த்ததே இல்லை. நான் லட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டேன், விடவில்லை.

“அப்புறம்?”

“அப்புறம் பாஸ்கரண்ணன் அவராவே எறங்குனாரு. சிரிச்சிக்கினே எறங்குனாரு. இடுப்புல கயித்த கட்டிக்கினாதான் எறங்கணும்னு உன் பொண்ணு சொல்லிச்சி, கட்டிக்கினாரு. நாலு படி கூட போவல, தல தொங்கிடுச்சி. பசங்க ரெண்டு பேரு பாஞ்சாங்க எறங்கறதுக்கு. உன் பொண்ணு குறுக்க நின்னுக்கினு கத்துச்சி பாரு, எறங்குனா நீங்களும் வரமாட்டீங்கடான்னு! எல்லாரும் கயித்த புடிச்சி இழுத்தோம். மேல கொண்ணாந்து போட்டா மூச்சு இல்ல. அது மாருல குத்துச்சி, எல்லாரும் பாக்க வாயில வாய் வெச்சி ஊதுச்சி. நாங்க யாரும் சிரிக்கல யம்மா.”

டிராக்டர்கள் சாலையை அடைத்திருந்ததால், பழ வண்டியில் ஏற்றித் தோப்புகளுக்கு ஊடாக மண்பாதையில் சித்தூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நான் காரில் மாலினியைத் தேடி வந்த அதே நேரம் அவள் எனக்கு எதிர்த்திசையில், இரண்டு மாமரத் தோப்பு தள்ளிப் போயிருக்கிறாள்.

தேநீர் கொடுத்தார்கள். ஒருத்தி பழத்தை நறுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட முடியவில்லை. கணவரை அழைத்து, “இருக்கிறாளாம்” என்றேன். “பார்த்தியா?” என்று கேட்டார். “இன்னும் இல்லை,” என்றேன். “பார்த்துட்டுக் கூப்பிடு,” என்று வைத்துவிட்டார். ஏழுமலை எப்படியோ காரைக் கொண்டுவந்து சேர்த்து, என் ஒற்றைச் செருப்புக்கு ஜோடியையும் தேடிக் கொண்டுவந்திருந்தார். வெயில் இறங்கியது. டிராக்டர்கள் ஒவ்வொன்றாக உள்ளே நகர்ந்தன. சாலையில் எந்த வண்டி திரும்பினாலும் பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

கடைசியில் பழ வண்டி ஒன்று காலியாக வந்து நின்றது. ஓட்டுநர் பக்கத்திலிருந்து மாலினி இறங்கினாள். காலில் செருப்பு இல்லை. சட்டையெல்லாம் மாம்பழக் கூழ் காய்ந்திருந்தது. நான் அவள் முகத்தை, கைகளை, நெற்றியை எல்லாம் தொட்டுப் பார்த்தேன். அவள் என்னைத் தொடவில்லை.

“அண்ணா கண்ணத் தொறந்துட்டாரும்மா. இன்னும் பேசல. அவங்க வீட்டுல வந்துட்டாங்க.”

“நீ நல்லா இருக்கியா? உனக்கு மூச்சு...”

அவள் லட்சுமியைப் பார்த்தாள். பிறகு என்னை.

“அவராதான் எறங்குனாருன்னு எல்லாரும் சொல்லுவாங்கம்மா,” என்றாள். “பயமா இருந்தா தள்ளிக்கோங்கண்ணா, நானே எறங்குறேன்னு நான்தான் அவர்கிட்ட சொன்னேன்.”